இரண்டரை அசை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எந்தப் பெயரைப் பற்றியதோ அந்தப் பெயர் இதில் ஓர் இடத்திலும் எழுதப்படவில்லை. ஆகவே படித்து முடித்ததும் இந்தத் தாளில் பலாபெல் வடையின் எண்ணெயை ஒற்றலாம், மீன் சுற்றலாம், நான்காய் மடித்து ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுக்கலாம். பெயர் இருந்தால் அதெல்லாம் நடக்காது. கடவுள் பெயரின் அந்த நான்கு எழுத்தை ஓரிடத்தில் எழுதிவிட்டால் பிறகு அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, குப்பையில் போடக் கூடாது. சேர்த்து வைத்து, மனிதரைப் புதைப்பதுபோல மண்ணில் புதைக்க வேண்டும்.

எழுதியதற்கே இவ்வளவு என்றால் சொல்வதற்கு? சொல்லவே கூடாது. ஜெபத்தில் அந்த எழுத்துகள் வரும் இடத்தில் வேறொரு சொல்லைச் சொல்லுவோம். ஜெபத்துக்கு வெளியே அந்த வேறு சொல்லையும் சொல்லக் கூச்சப்பட்டு 'ஹாஷெம்' என்போம். 'பெயர்' என்று அர்த்தம். ஜெருசலேமில் யாரையாவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். "பெயர் புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்பார்கள். பழைய ஆலயம் நின்ற காலத்தில் வருஷத்துக்கு ஒருமுறை, பாவநிவிர்த்தி நாளில், தலைமைக் குரு மட்டும் அதை வாய்விட்டுச் சொன்னாராம். ஆலயம் இடிந்து இரண்டாயிரம் வருஷம் ஆகப்போகிறது. சரியாகச் சொல்லத் தெரிந்தவர் எவரும் மிச்சமில்லை.

யாரும் சொல்லக் கூடாத ஒன்றைச் சரியாகச் சொல்வது எப்படி என்று ஆராய்வதற்கு எங்கள் ஊரில் ஒரு நிறுவனம் இருக்கிறது. அகிரிப்பா தெருவில் ஒரு விளக்குக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். வாசலில் பித்தளைத் தகடு: 'திருநாம உச்சரிப்பு மீட்பு நிறுவனம்.' வெள்ளிக்கிழமைதோறும் அந்தத் தகட்டைத் துடைத்துப் பளபளப்பாக்குபவன் நான்தான். யாரும் கேட்டுச் செய்யவில்லை.

பகலில் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்துகிறேன். பிள்ளைகள் கவனிப்பதில்லை. மாலையில் நிறுவனத்தில் நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறேன். யாரும் படிப்பதில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் என்னவென்றால் நிறுவனத்தில் எனக்கு ஒரு ரப்பர் முத்திரை உண்டு. 'ரஹமிம் கல்ஃபோன், கௌரவச் செயலாளர்.' கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது என்று பொருள். ஐம்பத்தாறு வயதான மனிதன் ஒரு ரப்பர் முத்திரைக்காக என்னவெல்லாம் செய்வான் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு இந்தக் கதையில் உங்களுக்கு ஆச்சரியம் எதுவும் இருக்காது.

நிறுவனத்தில் இரண்டு கட்சி. பேராசிரியர் யெகுத்தியேல் லாண்ட்சுட், பெயருக்கு இரண்டு அசை என்பவர். நாற்பது வருஷ ஆராய்ச்சி, இரண்டு தடித்த புத்தகங்கள், அசைக்கு ஒன்றாக. எதிர்க்கட்சி ராவ் அமினதாவ் ஸாரும். ராவ் என்றால் எங்கள் மதகுரு. யேமனிலிருந்து வந்த பரம்பரை. மூன்று அசை என்பவர். ஆதாரம் கேட்டால் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தன் கழுத்தைக் காட்டுவார். "எங்க தொண்டை வேற தொண்டை. சனாவுலேர்ந்து கெடாம வந்த தொண்டை. உங்க பேராசிரியர் தொண்டை பெர்லின்ல குளிர்ல விறைச்சுப் போனது."

சொல்லாமல் எப்படி விவாதிப்பது என்று கேட்பீர்கள். இருமுவோம். பேசிக்கொண்டே வந்து பெயர் வரவேண்டிய இடம் வந்ததும் பேராசிரியர் நிறுத்தி, கைக்குட்டையை வாயில் வைத்து இரண்டு முறை இருமுவார். ராவ் மூன்று முறை. நான் குறிப்பில் 'பேராசிரியர் இங்கே ஆணித்தரமாக இருமினார்' என்று எழுதுவேன். ஒருமுறை ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு அறிஞர் பார்வையாளராக வந்திருந்தார். பாவம், மார்ச்சளி. கூட்டம் முழுக்க இருமிக்கொண்டே இருந்தார். 'ஏழு அசைக் கொள்கை' என்ற பெயரில் அது இன்னும் எங்கள் ஆண்டு மலரில் இருக்கிறது. அவருக்கு ஆதரவாக இருவர் வாக்களித்தார்கள்.

இருமலில் உயிர்ப்புள்ளிகள், அதாவது எழுத்தோடு சேரும் உயிரொலிகள், தெளிவாக விழுவதில்லை என்று புகார் வந்தபோது தலைவர் டாக்டர் எல்யாகிம் ப்ளாவ் ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஆண்டுக் கூட்டத்தில் இருவரும் தங்கள் தங்கள் உச்சரிப்பை, புள்ளிகளோடு, ஆளுக்கொரு கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டியது. சபை மௌனமாகப் படிக்க வேண்டியது. அற்புதமான திட்டம். எழுதினார்கள், படித்தோம். அதற்குப் பிறகுதான் பலகையைத் துடைக்க முடியாது என்பது ஞாபகத்துக்கு வந்தது. நிறுவனத்தில் அன்றைக்கு இருந்தவர்களில் ஏழு பேர் சட்டம் படித்த ராவ்கள்.

அடுத்த வருஷம் புதுப் பலகை வாங்கினோம். "எழுதறது போன வருஷம் எழுதினதேதானே, பழைய பலகையையே காட்டினா என்ன?" என்று ஒருவர் கேட்டார். தலைவர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அது போன வருஷத்து வாதம்" என்றார்.

இப்படி ஆறு வருஷத்தில் பதினோரு பலகை சேர்ந்தது. (ஒரு வருஷம் ராவ் துக்கத்தில் இருந்தார்.) ஒவ்வொன்றும் ஆளுயரத்துக்கு மேல் நீளம். விளக்குக் கடைக்காரன் படிக்கட்டை மறைக்கிறது என்று கத்த ஆரம்பித்தபோது, எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. என் மகள் ஹகித் நிம்ரோத்தைக் கல்யாணம் செய்துகொண்டு ஹைஃபாவுக்குப் போயிருந்தாள். அவள் அறை காலி. நான் எழுந்து நின்றேன். யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"செயலாளர் என்ற முறையில் என் இல்லத்தை அளிக்கிறேன்" என்றேன்.

கைதட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்காக மனிதர்கள் கைதட்டியது அந்த ஒரு தடவைதான். வீட்டுக்கு வந்து பெனினாவிடம் தற்காலிகம் என்றேன். பெனினா என் மனைவி. ஒரு கத்திரிக்காயை எடுத்து நறுக்கினாள்.

*

ஆவணியை ஒட்டி வருகிற எங்கள் எலூல் மாதத் தொடக்கத்தில் ஹகித்திடமிருந்து போன் வந்தது.

"அப்பா, இன்னும் மூணு வாரம்னு டாக்டர் சொல்லிட்டார். இங்க நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நிம்ரோத் கப்பல்ல போயிடுவான், ரெண்டு மாசம் வரமாட்டான். குழந்தையோட நம்ம வீட்டுக்கே வந்துடறேன். என் ரூம் இருக்குல்ல?"

"இருக்கும்மா" என்றேன்.

அறை இருந்தது உண்மை. பெனினா போனை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு என்னை அந்த அறை வாசலுக்குக் கூட்டிப்போனாள். மூன்று சுவரிலும் பலகைகள் சாத்தியிருந்தன. கட்டிலை ஒட்டி இரண்டு. நடுவில் ஒரு பூனை திரும்புகிற அளவு இடம்.

"இருக்குன்னு சொன்னியே, எங்க இருக்கு? காட்டு."

"ஏதாவது பண்றேன்."

"அவ மாமியார் பேதா திக்வாவுல தொட்டில் வாங்கி, அதுக்கு ரிப்பன் கட்டி, உக்காந்திருக்கா. நமக்கு இடமில்லன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தாப் போதும், கார் எடுத்துட்டு வந்து புள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவா. அப்புறம் என் பேரப்புள்ளைய நான் பண்டிகைக்குப் பண்டிகை போய்ப் பாக்கணும். அப்படி நடந்துச்சு, ரஹமிம், நீ இந்தப் பலகைங்களோடயே குடும்பம் நடத்திக்கோ. நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன்."

பெனினா பயமுறுத்துகிற பெண் இல்லை. சாதாரணமாகச் சொல்லுவாள், சொன்னபடி செய்வாள்.

அடுத்த செயற்குழுவில் விஷயத்தை வைத்தேன். டாக்டர் ப்ளாவ் எழுந்தார். அவர் எழுந்தால் பேனாவைத் திறந்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

"நண்பர்களே, நம்ம செயலாளர் வீட்டுல குழந்தை பிறக்கப்போகுது. நிறுவனத்தோட வாழ்த்துகள். ஆனா உணர்ச்சிவசப்படக் கூடாது. பலகைகளைப் புதைக்கணும்னா அதுல இருக்கறது பெயர்தான்னு நாம முதல்ல ஒத்துக்கணும். எதுல இருக்கறது பெயர்னு ஒத்துக்கிட்டா, நமக்கு ஆராய ஒண்ணுமே இல்ல, நிறுவனத்தைக் கலைச்சிடணும். கலைஞ்சுபோன நிறுவனத்துக்குப் பலகையைப் புதைக்க அதிகாரம் ஏது? ஆகவே அதுங்க இருக்கற இடத்துலயே இருக்கறதுதான் முறை. எனக்கு முன்னால மூணு தலைவருங்க இந்த நாற்காலியில உக்காந்திருக்காங்க. பத்தொன்பது வருஷம். ஒருத்தர்கூட ஒரு முடிவுக்கும் வந்ததில்ல. அந்த மரபை நான் கெடுத்தேன்னு யாரும் சொல்லக் கூடாது."

எழுதினேன், முத்திரை குத்தினேன். நல்ல வாதமாகவே தோன்றியது. என் கஷ்டம் அதுதான். யார் என்ன பேசினாலும், எழுதி முத்திரை குத்தியதும் எனக்கு அது நல்ல வாதமாகத் தோன்றிவிடும்.

ராவ் ஸாரும் மட்டும் கொஞ்சம் இரங்கினார். "நம்ம கையால அழிச்சாத்தான் குத்தம். தானா அழிஞ்சா யாருக்கும் பாவமில்ல. பால்கனியில வெச்சிடு, ரஹமிம். மழை வந்து கழுவிட்டுப் போகட்டும்."

"ராவ், பஸ்கா பண்டிகைக்கு அப்புறம் ஒரு சொட்டு விழல. இன்னும் ரெண்டு மாசத்துக்கு விழாது."

"ஜெபம் பண்ணிப் பாக்கலாமே?" என்றார் தலைவர்.

"மழைக்கு ஜெபம் கூடாரப் பண்டிகை முடிஞ்சுதான். அதுக்கு முன்னால கேக்கறது மரியாதையில்ல" என்றார் ராவ்.

பேராசிரியர் கைக்குட்டையை மடித்து வைத்தார். "ஒரு திருத்தம். மழை பெஞ்சா ராவோட பலகைங்க அழியும். அதுல இருக்கறது வெறும் சுண்ணாம்பு. என்னோடதத் தண்ணி தொடாது."

"ஆமாமா" என்றார் ராவ். "மழைக்கும் அருவருப்புன்னு ஒண்ணு இருக்கும்ல."

'மழையைப் பற்றி விரிவாக விவாதிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

*

டாக்டரின் பேச்சைக் குழந்தை கேட்கவில்லை. பத்து நாள் முன்பே பிறந்தது. பெண். ஞாயிற்றுக்கிழமை காலை ஹகித் போன் செய்தாள். அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள். புதன்கிழமை மத்தியானம் டாக்ஸியில் நேராக எங்கள் வீட்டுக்கு என்றாள்.

பெனினா அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. யாருக்கோ போன் செய்தாள். கிழிந்த ஜெபப் புத்தகங்கள், பழைய சுருள்கள், இனி பயன்படாத புனிதத் தாள்கள் எல்லாவற்றையும் வீடு வீடாகச் சேர்த்து எடுத்துப்போய்ப் புதைக்கிற ஷப்தாய். வாடகை லாரி வைத்திருக்கிறான். பார்க்கிற எல்லோரையும் "உசுரே" என்று கூப்பிடுவான். போன் ஒலிபெருக்கியில் இருந்தது.

"நாலு எழுத்தும் இருக்கா, உசுரே?"

"இருக்கு. ஆனா புள்ளிதான் ஒவ்வொண்ணுலயும் வேற வேற மாதிரி."

"புள்ளி எப்படி இருந்தா எனக்கென்ன? நாலு எழுத்து இருந்தாச் சரி. புதன்கிழமை காலையில வரேன். எல்லாம் ஒரே குழியிலதான் போகும், சொல்லிட்டேன். ஆளுக்கொரு குழி வெட்ட எங்கிட்ட மெஷின் இல்ல."

பத்தொன்பது வருஷம் எங்களால் முடியாததை இவன் லாரி ஓட்டிக்கொண்டே முடித்துவிட்டான். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒரே குழி என்ற செய்தியை நான்தான் இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. பேராசிரியர் நீண்ட நேரம் போனில் மூச்சு விட்டார். "என் பலகைக்குப் பக்கத்துல அவரோடதா? உலகம் முடிஞ்சு எல்லாரும் எழுந்திரிக்கிற நாள்ல, நான் அவரோட கூட்டாளின்னு நினைச்சுட மாட்டாங்களா?" ராவ் மூச்சுகூட விடவில்லை. "குப்பையக் குப்பையில போடு, பெயரைப் பெயரோட புதை. ரெண்டையும் கலக்கறதுக்கு என்ன, இது சாலட்டா?"

கடைசியில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நேரில் பார்வையிட்டு முடிவு செய்வது என்று ஆயிற்று. தலைவரும் வந்தார். மூன்று பேரும் ஹகித்தின் அறையில் பக்கவாட்டில் நடந்தார்கள். வேறு விதமாக நடக்க இடமில்லை. பேராசிரியர் தன் பலகைகளின் எதிரே நிற்கும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றினார், ராவின் பலகை வந்ததும் போட்டுக்கொண்டார். ராவ் பேராசிரியரின் பலகைகளைத் தாண்டும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரம் கழித்துத் தலைவர் தொண்டையைக் கனைத்தார். நான் பழக்கதோஷத்தில் அதை ஓர் அசை என்று எழுதிவிட்டேன்.

"துணைக்குழு ஒண்ணு அமைக்கலாம்" என்றார் தலைவர். "பண்டிகையெல்லாம் முடிஞ்சதும்."

அப்போதுதான் பெனினா உள்ளே வந்தாள். ஒரு கையில் வாளி. இன்னொரு கையில் தரை துடைக்கிற ஈரத்துணி. பாவாடையை இடுப்பில் சொருகியிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளுங்க. நாளைக்கு மத்தியானம் என் பொண்ணு வரா. நான் வீடு துடைக்கணும்."

"அம்மா, இங்க முக்கியமான..."

"பேராசிரியர் ஐயா, உங்களை ஒண்ணு கேக்கணும். இது ராவோட பலகைதானே? இதுல இருக்கறது பெயரா?"

பேராசிரியர் புன்னகைத்தார். நாற்பது வருஷமாக யாராவது இதை இவ்வளவு நேராகக் கேட்பார்களா என்று காத்திருந்தவர். "நிச்சயமா இல்ல."

"அப்ப துடைச்சா தப்பில்ல." துணியைப் பிழிந்தாள்.

"ஏய், ஏய், ஏய்!" ராவ் கட்டில் மேல் ஏறிவிட்டார். அந்த வயதில் அவரால் அது முடியும் என்று நான் நினைத்ததில்லை. "தொடாத! அது பெயர்! எங்க தாத்தனுக்குத் தாத்தன் சொன்ன பெயர்!"

"சரி, அதை விடுங்க. இது பேராசிரியரோடது. ராவ், நீங்க சொல்லுங்க. இது பெயரா?"

"அதுவா? அது ஒரு ஜெர்மன்காரன் தும்மினது."

"அப்ப இதைத் துடைச்சிடறேன்."

பேராசிரியரின் தொப்பி விழுந்தது. "பெனினா! வேண்டாம்! கையைக் கீழ போடு!"

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. பெயர்னா நாளைக்குக் காலையில ஷப்தாய் வந்து எல்லாத்தையும் ஒண்ணாக் கொண்டுபோய்ப் புதைப்பான். பெயர் இல்லன்னா இப்பவே நான் துடைக்கிறேன். ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் சொன்னதத்தான் நான் நம்புவேன். தன்னைப் பத்தித் தான் சொல்லிக்கறத எங்க வீட்டுல யாரும் சாட்சியா எடுத்துக்கறதில்ல. என் புருஷனை முப்பது வருஷமாப் பாக்கறேன்."

அவள் துணியை உயர்த்தினாள். சொட்டுச் சொட்டாகத் தரையில் தண்ணீர் விழுந்தது. துணி பலகைக்கு ஒரு சாண் தள்ளியே நின்றது. அவள் அதை ஒருநாளும் செய்யமாட்டாள். சின்ன வயதிலிருந்து விரல் நுனியால்கூட அப்படிச் செய்யாமல் வளர்ந்தவள். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"பெயர்தான்!" என்றார் பேராசிரியர், ராவின் பலகையைக் காட்டி.

"பெயர்தான், பெயர்தான்!" என்றார் ராவ், கட்டிலின் மேலிருந்து. "அவரோடதும் பெயர்தான். எல்லாமே பெயர்தான். துணியக் கீழ வை!"

டாக்டர் ப்ளாவ் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் ஏகமனதான தீர்மானம். "என் காலத்துலயா இது நடக்கணும்?" என்று முனகினார். நான் முத்திரையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இதோடு கதை நல்லபடியாக முடிந்திருக்கும். முடியாததற்குக் காரணம் நான்.

பெனினா வாளியோடு திரும்பும்போது அலமாரியின் பின்னால் ஒரு மரச்சட்டம் துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். இழுத்தாள். பன்னிரண்டாவது பலகை. முகம் சுவரைப் பார்த்திருந்தது. திருப்பினாள்.

"இது யாரோடது?"

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். ராவ் கட்டிலை விட்டு இறங்கினார்.

இனி மறைத்துப் பயனில்லை. கோடையில் ஒரு மத்தியானம், பெனினா தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்காக வந்திறங்கிய புதுப் பலகையில் அதை எழுதியவன் நான். இரண்டு பேருடைய வாதத்தையும் இத்தனை வருஷம் எழுதி எழுதி, உண்மை இரண்டுக்கும் நடுவில் இருப்பது எனக்கு மட்டும் விளங்கியிருந்தது. பெயருக்கு இரண்டரை அசை. எழுதி முடித்து ஒரு மணி நேரம் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நடுவில் எழுந்து போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன்.

"இரண்டரையா?" என்றார் பேராசிரியர்.

"அரை எங்க இருக்கு?" என்றார் ராவ்.

"அதோ அந்த ஓரத்துல, பயந்துக்கிட்டு நிக்குதே, அதுதான் போல" என்றார் பேராசிரியர்.

இருவரும் சிரித்தார்கள். பத்தொன்பது வருஷத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்து நான் பார்த்ததில்லை. பேராசிரியர் ராவின் தோளில் கையை வைத்துக்கொண்டார். "பெனினா, இதை வேணும்னா துடைச்சிடலாம்" என்றார். "ஆட்சேபணை இல்ல" என்றார் ராவ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. இரண்டாவது ஏகமனதான தீர்மானம்.

இதை நான் குறிப்பில் எழுதவில்லை.

"நாலு எழுத்தும் இருக்கு" என்றேன். "நீங்க சொன்னதுதானே? எல்லாமே பெயர்தான்னு?"

பெனினா பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். துணியை வாளிக்குள் போட்டாள். "நாளைக்கு எல்லாத்தோடயும் இதுவும் போகும்" என்றாள்.

*

புதன்கிழமை காலை ஷப்தாய் லாரியைப் பின்னால் எடுத்து எங்கள் சந்துக்குள் நுழைத்தான். நஹ்லாவோத் பேட்டையில் எங்கள் சந்தில் இரண்டு கழுதை எதிரெதிரே வந்தால் ஒன்று திரும்ப வேண்டும். லாரி நின்றால் சந்து அடைத்தது. கூட ஒரு ஆளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்கினான். வெள்ளைத் துணி போர்த்தி, முகம் மேலே பார்க்க வைத்தான். பதினொன்று ஏறின. பெனினா மேலே தரையைக் கழுவும் சத்தம் கேட்டது. அறையின் ஜன்னல் நெடுநாளுக்குப் பிறகு திறந்திருந்தது.

பன்னிரண்டாவதை நானே கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கொண்டும் வந்தேன், கடைசிப் படிவரை. அங்கே நின்றுவிட்டேன்.

"குடு, உசுரே."

"கொஞ்சம் இரு."

என்ன யோசித்தேன் தெரியுமா? என்னுடையதை அவர்களுடையவற்றோடு ஒரே குழியில் போடுவதா என்று யோசித்தேன். நேற்றுச் சிரித்தார்களே, அவர்களோடா? தனியாக ஒரு சின்னக் குழி, ஒரு ஓரமாகக் கேட்டுப் பார்த்தால் என்ன? இரண்டையும் மூன்றையும் கலந்தால் கலந்துவிட்டுப் போகட்டும். இரண்டரையை ஏன் கலக்க வேண்டும்? இதையெல்லாம் வேறு யாராவது பேசியிருந்தால் குறிப்பில் அழகாக எழுதியிருப்பேன்.

சொன்ன நேரத்துக்கு முன்பே சந்து முனையில் ஹாரன் அடித்தது. டாக்ஸி.

"லாரிய எடுப்பா!" என்று டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "வண்டில பச்சக் குழந்தை இருக்கு, வெயில் கொளுத்துது!"

"நான் எடுக்கறேன், இவர் குடுக்க மாட்டேங்கிறாரே!" என்று ஷப்தாய் கத்தினான்.

பெனினா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ரஹமிம்! கையில என்ன? இன்னுமா அது போகல?"

"வருது, வருது."

எதிர் வீட்டு ஜன்னலும் திறந்தது. அதற்கு மேல் வீட்டு ஜன்னலும். டாக்ஸிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். பிறகு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டாக்ஸியின் கதவு திறந்து ஹகித் இறங்கினாள். மூன்று நாள் முன்பு குழந்தை பெற்றவள், லாரிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் பக்கவாட்டில் நடந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. மார்போடு ஒரு துணி மூட்டை. மூட்டைக்குள் யாரோ பலமாக ஆட்சேபித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. நிர்வாக விஷயம்."

"நிம்ரோத்தோட அம்மா வழியெல்லாம் போன் பண்ணிட்டே இருக்காங்க. ரூம் ரெடியான்னு. ரெடின்னு சொல்லிட்டேன். ரெடிதானே?"

நான் வாயைத் திறந்தேன். மேலே ஜன்னலில் பெனினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் அவள் தங்கை வீட்டு முகவரி இருந்தது.

"ரெடி" என்றேன்.

"அப்ப இவளைப் பிடிங்க. என்னால நிக்க முடியல."

மூட்டையை என் பக்கம் நீட்டினாள். பலகையை நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். ஹகித் நீட்டியபடியே நின்றாள். அப்படியே சுவரில் சாய்ந்தாள். கையை விட்டேன். பலகை சாய்ந்தது. விழுவதற்குள் ஷப்தாய் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பழக்கம்.

குழந்தை என் கைக்கு வந்தது. மூன்று கிலோ தக்காளிப் பைபோலக் கனம், அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டிபோலச் சூடு. என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தி, நெற்றியைச் சுருக்கி, யாரோ ஒரு மோசமான ஆய்வுக் கட்டுரையைப் படிப்பதுபோல என் முகத்தைப் படித்தாள். ஹகித் சுவரைப் பிடித்துப் படியேறினாள். பெனினா தடதடவென்று இறங்கிவரும் சத்தம் கேட்டது.

அந்த இடைவெளியில்தான் அதைச் செய்தேன். குழந்தையை ஒரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, லாரியின் பின்னால் போய், குரலைத் தாழ்த்தினேன்.

"ஷப்தாய், ஒரு சின்ன உதவி. குழியில இறக்கறப்போ என்னோடதக் கொஞ்சம் எல்லாத்துக்கும் மேல வைப்பியா?"

ஷப்தாய் வெள்ளைத் துணியை இழுத்து மூடினான். கயிற்றை இறுக்கினான்.

"நேத்து ராத்திரி பேராசிரியர் வீட்டுக்கே வந்துட்டாரு, இதையேதான் சொன்னாரு. காலையில ஆறு மணிக்கு ராவ் போன் பண்ணாரு. நீ மூணாவது ஆளு."

"அப்படியா? அப்ப நீ யாரோடத மேல வைக்கப்போற?"

"மேல மண்ணுதான் வைப்பேன், உசுரே" என்று சொல்லிவிட்டு லாரியை எடுத்தான்.